மாஹிம் காடியில் துள்ளுவது நம்ம ஊர் மடவையா?

மும்பை தாராவியில் நைன்டி ஃபீட் ரோடு பக்கம் குடியிருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் வரும்போது, சாயங்காலம் நீர் ஏறுகிற நேரத்தில், மாஹிமில் கடலைத் தொடும் மிட்டி ஆற்றின் கறுப்புத் தண்ணீரிலிருந்து வெள்ளி நிறத்தில் மீன் துள்ளுவதைப் பார்த்திருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அவருடைய ஆச்சி, "இது மடவைடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். கடல் மீன் சாக்கடைத் தண்ணீரில் எப்படிப் பிழைக்கிறது, வேறு எங்கெல்லாம் இருக்கிறது, அழிந்துகொண்டு வருகிறதா, பிடித்தால் சாப்பிடலாமா என்று வரிசையாகக் கேட்கிறார்.

ஆச்சி சொன்னது சரி. தண்ணீரை விட்டு முழு உடம்பும் வெளியே வரும்படி எகிறி, பக்கவாட்டில் தொப்பென்று விழுகிற மீன் என்றால் பத்துக்கு ஒன்பது தடவை மடவைதான். நான் படித்தது மீன்வளம், இருப்பது செம்பூர். முப்பது வருடமாக இந்த ஊர்க் காடிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன். (வெளியூர்க்காரர்களுக்காக: கடல் உள்ளே நுழைந்து வரும் கழிமுக நீர்வழியை இங்கே மராத்தியில் காடி என்பார்கள். இங்கிருக்கும் தமிழர் வாயிலும் அதுவே பழகிவிட்டது.) ஆனால் "மடவை" என்பது ஒரு மீனின் பெயரா, ஒரு குடும்பத்தின் பெயரா என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

நம் கடற்கரையில் மடவை என்று சொல்வது ஒரு குடும்பத்தையே. உலகத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. இங்கே மீன்பிடிக்கும் கோலி மக்கள் அதைப் 'போய்' என்பார்கள். மலையாளிகளுக்குக் கணம்பும் திருதாவும், வங்காளிகளுக்குப் பார்ஷேயும் பாங்கனும், சிலிகா ஏரிக்கரை ஒடியாக்காரர்களுக்குக் கைங்கா. குடும்பத்துக்கு மூத்தவர், உருவத்திலும் பெரியவர், முகில் செஃபாலஸ் என்ற மீன். முகில் என்றதும் மேகம் என்று நினைத்துவிட வேண்டாம், லத்தீனில் மடவைக்கே அதுதான் பெயர். 1758ல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் இன்றுவரை நிற்கிறது. வழக்கமாக அரை மீட்டர் வரை வளரும், அபூர்வமாக ஒரு மீட்டரைத் தாண்டியதும் உண்டு.

மும்பைக் காடிகளில் பெரிய மடவையும் வரும், அதன் சின்னப் பங்காளிகளும் வரும். சந்தையில் ஒரே கூடையில் இரண்டும் கலந்து கிடக்கும். பிரித்துப் பார்ப்பது பெரிய வித்தையில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கத்துச் சந்தையில் ஒரு மௌசியிடம் (மீன்காரம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) மடவை வாங்கினேன். "காடியா, சமுத்திரமா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் மீனைத் திருப்பிக் கண்ணைக் காட்டினாள். கருமணியைச் சுற்றி இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி தடித்த கொழுப்புப் படலம், நடுவில் செங்குத்தாக ஒரு சின்னத் திறப்பு. மூக்குக் கண்ணாடி போட்ட மீன் என்றே சொல்லலாம். தலை அகலமாக, மேலே தட்டையாக இருந்தது. மார்புத் துடுப்பின் அடியில் கருநீலத்தில் ஒரு கறை. மூன்றையும் பார்த்துவிட்டால் அது பெரியவர்தான். இன்னும் சந்தேகம் இருந்தால் குதத்துடுப்பில் முள்ளை விட்டுவிட்டு மென்மையான கதிர்களை எண்ணுங்கள். பெரியவருக்கு எட்டு, பங்காளிகள் பலருக்கும் ஒன்பது. சந்தையில் நின்று துடுப்புக் கதிரை எண்ணினால் மௌசி என்ன சொல்வாள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

அவள் மீனின் வயிற்றைக் கீறும்போது நான் குனிந்து பார்ப்பது இன்னொரு விஷயம். வயிற்றின் உள்சுவர் கரிபூசியது போலக் கறுப்பாக இருக்கும். கெட்டுப்போன மீன் என்று சிலர் பயப்படுவார்கள், அது இந்த மீனின் இயல்பு. குடலோ நீண்டுகொண்டே போகும், சுருட்டிச் சுருட்டி வைத்திருக்கும். நடுவில் கெட்டியாக, பம்பரம் மாதிரி ஒரு தசை உருண்டை. கோழிக்கு மணலைப் போட்டு இரையை அரைக்கும் கெட்டி இரைப்பை இருக்கிறதல்லவா, கிட்டத்தட்ட அதேதான். மடவை மற்ற மீன்களைத் தின்னும் ஜாதி இல்லை. சேற்றின் மேல்படிவை வாயால் வழித்து, மணலோடு சேர்த்து விழுங்கி, அதிலுள்ள நுண்பாசியையும் மக்கிய இலைதழையையும் அரைத்துத் தின்கிறது. வேண்டாத மணலைச் செவுள் வழியே துப்பிவிடும். மற்ற மீன்கள் ஒதுக்கும் சேறுதான் இதற்குச் சோறு. இதை நினைவில் வையுங்கள், சாப்பிடலாமா என்ற கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது உப்புக் கதை. மீனின் உடம்புக்குள் ஓடும் நீரில் இருக்கும் உப்பு, கடல் நீரில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் கடலில் இருக்கும் மீன், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் உள்ளுக்குள் வற்றிக்கொண்டே இருக்கிறது, ஊறுகாய் ஜாடியில் போட்ட மாங்காயைப் போல. அதை ஈடுகட்டக் கடல் நீரைக் குடிக்கிறது, குடித்த உப்பைச் செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. ஆற்று நீருக்குள் போனால் கதை தலைகீழ். தண்ணீர் தானாக உடம்புக்குள் ஏறும், உப்பு வெளியே கசியும். அப்போது குடிப்பதைக் குறைத்து, ஏராளமாக நீர்த்த சிறுநீராகக் கழித்து, அதே செவுளால் உப்பை உள்ளே இழுக்க வேண்டும். பெரும்பாலான மீன்களுக்கு இந்த இரண்டு வேலைகளில் ஒன்றுதான் தெரியும். மடவைக்கு இரண்டும் தெரியும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறவும் தெரியும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருப்பது கடல். வளர்ந்த மடவை உப்பே இல்லாத ஆற்றிலும் இருக்கிறது, கடலைப் போல இரண்டு மடங்கு கரிக்கும் உப்பங்கழிகளிலும் இருக்கிறது.

மும்பைக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடைக்காது. மே மாதத்தில் மாஹிம் காடி கடலாகவே கரிக்கும். ஜூலையில் நாலு நாள் விடாமல் மழை கொட்டினால் மேல்முனையில் நல்ல தண்ணீராகிவிடும், அல்லது நல்ல தண்ணீரும் சாக்கடையும் கலந்த ஒன்றாக. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நாலைந்து மீட்டர் வித்தியாசம் வரும். ஆக ஒரே இடத்தில் நிற்கும் மீனுக்குத் தினமும் இரண்டு முறை உப்பு கூடிக் குறையும். இந்தியில் மீட்டி என்றால் இனிப்பு, மராத்தியில் மீட் என்றால் உப்பு. மிட்டி ஆற்றுக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்களோ, மடவைக்கு எது என்றாலும் சம்மதம்.

சாக்கடையில் எப்படி மூச்சு விடுகிறது என்பது தனிக் கேள்வி. அழுகும் கழிவு தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும். மடவைக்குத் தொண்டையின் மேற்புறத்தில் காற்றுக் குமிழியைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு குழிவு உண்டு. துள்ளும்போது அதற்குள் காற்றை நிரப்பிக்கொள்கிறது என்றும், ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் அதிகம் துள்ளுவது அதனால்தான் என்றும் ஆராய்ச்சியாளர் சிலர் விளக்கியிருக்கிறார்கள். வேட்டை மீன் துரத்தினாலும் துள்ளும், வலை கண்டாலும் துள்ளும். ஆனால் மிட்டியில் பெரிய மீன் எதுவும் துரத்துவதாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ரசித்துப் பார்த்த அந்தத் துள்ளல் பெரும்பாலும் மூச்சுத் திணறலாக இருக்கலாம், தம்பி.

இவ்வளவு கெட்டிக்காரத்தனம் பிறவியிலேயே வருவதில்லை. கவனிக்க வேண்டிய முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மடவை முட்டையிடுவது கடலில் மட்டும்தான். கழிமுகத்தில் தின்று கொழுத்து, சினை பிடித்ததும் கூட்டம் கூட்டமாக ஆழ்கடல் பக்கம் போய், இரவில் முட்டையிடும். ஒரு தாய்மீன் இலட்சக்கணக்கில் முட்டை விடும், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே ஒரு எண்ணெய்த் துளி இருப்பதால் மிதக்கும். குஞ்சு இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும் கரைக்குத் திரும்பி, முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள், அலையாத்திக் காட்டின் வேர்களுக்கு நடுவே நுழைகிறது. நான்கு முதல் ஏழு சென்டிமீட்டர் ஆகும்போதுதான் நல்ல தண்ணீரிலிருந்து கடல்வரை எதையும் தாங்கும் திறமை முழுதாக வருகிறது. அதற்கு முன்னால் அதற்கு வேண்டியது ஆழமில்லாத, அமைதியான, அளவான உப்புள்ள ஓர் இடம்.

ஆக இந்த மீனின் வாழ்க்கைக்கு இரண்டு பயணம் கட்டாயம், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இரண்டுக்கும் ஒரே வாசல். எவ்வளவு உப்பையும் தாங்கும் மீன், அந்த வாசல் மூடினால் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறது. பாதுகாப்பைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் முகத்துவாரத்தைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் இதுதான்.

மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல் இந்தப் பயணத்துக்குச் சாட்சி. தலைக்கறி விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு அது பல்லில் தட்டுப்பட்டிருக்கும். மரத்துக்கு வளையம் போல அதில் அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு படியும். கடலில் இருந்த காலத்து அடுக்கில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் கூடுதலாக இருக்கும், ஆற்றில் இருந்த காலத்தில் குறைவாக. தைவானில் மடவையின் காதுக்கற்களை இப்படிப் படித்துப் பார்த்தபோது, எல்லா மீனும் ஒரே பாதையில் போவதில்லை என்று தெரிந்தது. சில கழிமுகத்துக்கும் கடலுக்கும் போய்வந்தபடி இருந்திருக்கின்றன, சில பெரும்பாலும் கடலோரத்தோடு நின்றிருக்கின்றன.

அப்புறம், எங்கெல்லாம் இருக்கிறது? எங்கே இல்லை என்று கேட்டால் பதில் சின்னதாக முடியும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 42 டிகிரி வரை, பெரும்பாலான வெப்ப, மிதவெப்பக் கடலோரங்களில் முகில் செஃபாலஸ் பதிவாகியிருக்கிறது. மத்தியதரைக் கடல், கருங்கடல், செங்கடல், ஆப்பிரிக்காவின் தென்முனை, ஜப்பான், தைவான், ஆஸ்திரேலியா, ஹவாய், அமெரிக்கக் கண்டத்தின் இரண்டு கரைகள், அப்புறம் நம் இரண்டு கரைகளும். நடுக்கடல் மீன் இல்லை, கரையை ஒட்டியே வாழ்க்கை. தமிழ்நாட்டில் பழவேற்காடு, எண்ணூர், அடையாறு முகத்துவாரம், முட்டுக்காடு என்று உப்புநீரும் நல்ல நீரும் சந்திக்கும் எந்த இடத்திலும் வீச்சு வலையில் முதலில் விழுவது மடவைக் கூட்டம்தான். கேரளத்தின் பொக்காளி வயல்களில் நெல் அறுத்த பின் உப்புநீரை விட்டு மீனும் இறாலும் வளர்ப்பார்கள். அங்கேயும் கணம்பு தானாக ஏறி வரும்.

மனிதன் கொண்டுபோய் விட்ட இடங்களும் உண்டு. 1930களில் சோவியத்காரர்கள் கருங்கடலிலிருந்து இரண்டு மடவை இனங்களைக் காஸ்பியன் கடலில் கொண்டுபோய் விட்டார்கள். அவை அங்கேயே பெருகி, இன்று ஈரான் கரையில் பிழைப்புக்குரிய மீன்களாகிவிட்டன. கடலோடு சேராத கடலில்கூடப் பிழைத்துக்கொண்ட குடும்பம் இது.

ஆனால் "உலகமெங்கும் இருக்கிறது" என்ற வாக்கியத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். 2012ல் வெளிவந்த மரபணு ஆய்வுகள், முகில் செஃபாலஸ் என்று ஒரே பெயரில் அழைப்பது ஒரே இனம் அல்ல, குறைந்தது 14 தனித்தனிக் கிளைகள் என்று காட்டின. பார்வைக்கு அச்சு அசல் ஒரே மீன், வெகுகாலமாக ஒன்றோடொன்று கலக்காதவை. தைவான் பக்கம் மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன. எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று வகைப்படுத்தும் ஐ.யு.சி.என். பட்டியலில் இந்த மீன் 'கவலை குறைந்தது' என்ற வகையில் இருக்கிறது. உலகத்தைச் சுற்றி ஒரே இனம் என்று வைத்துக்கொண்டால் அது நியாயமான முடிவு. பதினான்கு பேரை ஒரே குடும்ப அட்டையில் எழுதி, வீட்டில் அரிசி போதும் என்று சொன்னால், அதில் யாராவது ஒருவர் பட்டினி கிடப்பது தெரியாமலே போகும்.

அதனால் "அழிந்துகொண்டு வருகிறதா?" என்ற கேள்விக்கு என் பதில்: மடவை என்கிற மீன் அழியாது, ஆனால் இடத்துக்கு இடம் மடவை காணாமல் போகிறது. எந்த இடத்தில், எதனால் என்றுதான் பார்க்க வேண்டும்.

தைவானில் சினைக்காகப் போனது. மடவையின் சினைப்பையை உப்புப் போட்டு, அழுத்தி, வெயிலில் காயவைத்தால் தேன் நிறத்தில் பாளம் பாளமாக வரும். ஜப்பானில் கராசுமி, இத்தாலியில் போத்தார்கா என்று தங்கம் விலைக்கு விற்கும் சாமான் அது. குளிர்காலத்தில் தைவான் நீரிணை வழியே முட்டையிடப் போகும் கூட்டத்தை வளைத்து வளைத்துப் பிடித்தார்கள். 1980களுக்குப் பிறகு வரத்து சரிந்துவிட்டது. கடல் வெப்பம் கூடியதும் ஒரு காரணம். முட்டையிடப் போகிற தாயைக் குறிவைத்துப் பிடிக்கும் தொழில் எதுவும் நெடுநாள் நிற்காது. கெட்டதிலும் நல்லது, தைவானில் சினைக்காகக் குளத்திலேயே மடவை வளர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஃபுளோரிடாவிலும் அதே சினைக்காகத்தான். அங்கே 1994ல் மக்கள் வாக்கெடுப்பில் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, கரையோரத்தில் செவுள் வலையைத் தடை செய்தார்கள். 1995 ஜூலையில் தடை அமலுக்கு வந்தது, சில ஆண்டுகளில் மடவை மீண்டும் பெருகியது. வலையை நம்பியிருந்த சின்ன மீனவர் குடும்பங்கள் தொழிலை இழந்ததும் அதே கதையின் பகுதிதான். மீன் திரும்பியதை மட்டும் சொல்லிவிட்டு இதை விழுங்குகிறவர்கள் சொல்லும் வெற்றிக் கதை எனக்குப் பிடிப்பதில்லை.

எகிப்தில் குஞ்சுக்காகப் போகிறது. உலகத்திலேயே அதிகமாக மடவை வளர்க்கும் நாடு அது. வளர்ப்புக்கு வேண்டிய குஞ்சுகளைப் பெரும்பாலும் கடலோரத்திலிருந்தே அள்ளுகிறார்கள். ஒரு குஞ்சைப் பிடிக்கும் நெருக்கமான வலை அதோடு இன்னும் எத்தனை இனங்களின் குஞ்சுகளை வாரிக்கொண்டு வரும் என்று சொல்லத் தேவையில்லை. நம் நாட்டிலும் உவர்நீர்க் குளங்களுக்குக் குஞ்சு இப்படித்தான் வந்துகொண்டிருந்தது. குளத்தில் அடைத்த மடவை தானாகச் சினை முதிர்ந்து முட்டையிடாது, ஹார்மோன் ஊசி போட வேண்டும். பிறக்கும் குஞ்சின் வாயோ ஊசிமுனை அளவு, அதற்கேற்ற நுண்ணுயிர் இரையைத் தனியாக வளர்த்துப் போட வேண்டும். சென்னையில் 1987ல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதில் வெற்றி கண்டிருக்கிறது. முட்டுக்காட்டில் அவர்களுக்கு ஆய்வு நிலையம் இருக்கிறது. பொரிப்பகக் குஞ்சு மலிவாகக் கிடைக்கத் தொடங்கினால் காட்டுக் குஞ்சை அள்ளுவது தானாகக் குறையும். மடவைப் பாதுகாப்பில் நான் மிகவும் நம்பும் வேலை இது, ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

நம் நாட்டில் சினையையும் குஞ்சையும் விடப் பெரிய பிரச்சினை வாசல்தான். ஒடிசாவின் சிலிகா ஏரி அதற்குக் கண்கூடான பாடம். ஏரியின் கடல்வாய் தூர்ந்து, தள்ளிப்போய், தண்ணீர் உப்புக் குறைந்து, களை மண்டியது. 1993ல் ஆபத்தில் உள்ள ராம்சார் தலங்களின் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களை ராம்சார் தலம் என்பார்கள்) பட்டியலில் ஏரியைச் சேர்த்தார்கள். 1999-2000ல் ஏரியின் மொத்த மீன், இறால், நண்டு வரத்து 2,000 டன்னுக்கும் கீழே போய்விட்டது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிதாக ஒரு வாயை வெட்டித் திறந்தார்கள். 2001-02ல் வரத்து 11,000 டன்னைத் தாண்டியது. 2002ல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்தார்கள். குஞ்சு வாங்கி விடவில்லை, தீவனம் போடவில்லை. கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான். கைங்கா உள்பட எல்லாம் தாமே வந்தன. பழவேற்காட்டுக்காரர்கள் முகத்துவாரம் மணல் மூடிக்கொள்கிறது என்று வருடா வருடம் முறையிட்டு வந்ததும் இதே கதவைப் பற்றித்தான்.

தடைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இங்கே மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் தமிழ்நாட்டுக் கரையில் பெரிய மடவை முட்டையிடப் போவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, ஐப்பசி முதல் தை வரை. மழை வந்து மணல்மேடு உடைந்து, ஆற்று வெள்ளம் கடலைத் தொடும்போதுதான் அதற்கு வழி பிறக்கிறது. தடைக்காலம் அந்த நேரத்தைத் தொடுவதே இல்லை. கழிமுகத்தின் குறுக்கே கட்டும் வலைக்கும் அந்தத் தடை பொருந்தாது. சினை மடவை வெளியேறும் அந்த மாதங்களில், முகத்துவாரத்தில் மட்டும், குறுக்கு வலை கட்டாமல் இருக்க ஊர்ப் பஞ்சாயத்தே முடிவு செய்தால் போதும். மீனவ ஊர்களில் இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் புதிதில்லை, சட்டத்துக்கு முன்பே இருந்தவை.

சரி, நம்ம மாஹிமுக்கு வருவோம். விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறந்து, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி, மிட்டி இங்கே கடலைத் தொடுகிறது. 2005 ஜூலை 26ல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து ஊரே மூழ்கியபோதுதான் பலருக்கும் மிட்டி என்று ஓர் ஆறு இருப்பதே தெரிந்தது. கரையை மண் போட்டு நிரப்பி ஆற்றின் வாயை ஒடுக்கிவிட்டோம் என்று அப்போது பலரும் பேசினார்கள். அது வெள்ளத்தைப் பற்றிய பேச்சு. மடவைக்கும் அதே வாய்தான் வாசல் என்று யாரும் பேசவில்லை, அவரவர் வீட்டில் தண்ணீர் ஏறிய நேரத்தில் பேசவும் முடியாது.

அதே 2005 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் மகாராஷ்டிரம் முழுக்க அலையாத்திக் காடுகளை அழிக்கத் தடை விதித்தது. 2012ல் மாநில வனத்துறையில் அலையாத்திக்கென்றே தனிப் பிரிவு வந்தது. 2015ல் தானே காடியின் ஒரு பகுதியைப் பூநாரைச் சரணாலயம் ஆக்கினார்கள், 2022ல் அதற்கு ராம்சார் தகுதியும் கிடைத்தது. கடைசி இரண்டும் பூநாரையின் பெயரில் வந்தவை. இளஞ்சிவப்பு இறகும் நீளக் காலும் இருந்தால் சரணாலயம் கிடைக்கும். சேறு தின்னும் சாம்பல் நிற மீனுக்கு யார் கொடுப்பார்கள்? பரவாயில்லை, பூநாரைக்குக் கொடுத்த காட்டின் வேரடியில்தான் மடவைக் குஞ்சும் ஒதுங்குகிறது. இந்த மீனுக்கு வனவிலங்குச் சட்டத்தில் தனி இடம் கிடையாது, எனக்குத் தெரிந்து தேவையும் இல்லை. அலையாத்தி நின்றால், வாய் திறந்திருந்தால், தண்ணீரில் கொஞ்சம் உயிர் இருந்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்திலேயே இதைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. லிங்க் ரோட்டை ஒட்டிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் குப்பைமேடு. மரம் நட்டு வளர்த்து 1994ல் திறந்தார்கள். அதன் பின்பக்கம் காடியும் அலையாத்தியும். நீர் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போய்க் கரையோரத்தில் அசையாமல் நில்லுங்கள். விரல் நீளக் குஞ்சுகள் ஓரத்துச் சேற்றின் மேல் வாயை உரசி உரசிப் போகும், ஒன்று திரும்பினால் கூட்டமே பளிச்சென்று திரும்பும்.

கடைசியாக, சாப்பிடலாமா. மிட்டியிலும் மாஹிம் காடியிலும் பிடித்ததை வேண்டவே வேண்டாம். சேற்றைத் தின்னும் மீன் என்று சொன்னேனல்லவா? சேற்றில் என்ன படிந்திருக்கிறதோ, எண்ணெயோ ஈயமோ, அது முதலில் போய்ச் சேர்வது இதன் வயிற்றில்தான். புளியில் ஊறவைத்தாலும் மஞ்சள் போட்டுக் கழுவினாலும் உலோகம் போகாது. 1970களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று மடவையில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று மக்கள் புகார் சொல்லி, ஆராய்ந்து பார்த்தபோது அந்த வாடை தண்ணீரில் கலந்த எண்ணெய்க் கழிவிலிருந்தே வந்தது தெரிந்தது. இங்கே மீன் வாங்கிப்போய்க் "குழம்பு பெட்ரோல் வாசம் அடிக்குது" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. மூக்கு பொய் சொல்லாது.

கடலில் பிடித்த மடவை என்றால் தயங்க வேண்டாம். ஆச்சி ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு நாள் கூட்டிப்போய் வாங்குங்கள். அரைக்கிலோவுக்கு மேல் உள்ள மீனாக, செவுள் சிவப்பாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் செவுளைத் தூக்கி முகர்ந்து பார்க்க வேண்டும், மௌசி முறைத்தாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் வயிற்றிலுள்ள கறுப்புத் தோலைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், கசப்பு அதில்தான். மாங்காய் போட்டுக் குழம்பு வைக்க ஆச்சிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.